மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் எங்கிருந்து வருகிறது?

ஹெச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி.யைத் தரும் மையத்தில் மாத்திரை வாங்கி, பத்து ஆண்டுகளாக ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டு வருகிற ஒருவரின் ரத்தத்தைப் பரிசோதித்தால் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்றுதான் முடிவு வரும். அவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்கு ஹெச்.ஐ.வி. தொற்றாது. ஆயுளும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். அதே நபர் இன்றைக்கு மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் வைரஸ் ரத்தத்தில் தலைகாட்டிவிடும். அதன் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தால், முன்பு அவர் உடம்பில் இருந்த வைரஸின் வாரிசுதான் என்பது தெரியும். புதிதாக எங்கிருந்தும் வந்து ஒட்டவில்லை.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் அது எங்கே இருந்தது? இடம் 1997 முதலே தெரியும். ஆராய்ச்சியாளர்கள் அதை ‘ரிசர்வாயர்’ என்கிறார்கள். இங்கே தேக்கம் என்று வைத்துக்கொள்வோம். இடம் தெரிந்தும் ஏன் கைக்கு எட்டவில்லை என்றால், அதை அழிக்கத் தோதான மருந்து இல்லாதது ஒரு பாதிக் காரணம். மறு பாதியைப் பற்றிச் செய்திகளில் அதிகம் வருவதில்லை: எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து சொல்ல நம்பகமான வழி இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு இறுதிச் சோதனை இன்றுவரை கிடையாது. ‘ஹெச்.ஐ.வி. குணமானது’ என்று வருகிற ஒவ்வொரு செய்தியையும் இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

உறங்கும் செல்

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுவான சிடி4 டி-செல்லுக்குள் நுழைந்ததும் ஹெச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்கிறது. பிறகு இன்டெக்ரேஸ் என்ற நொதி அந்த டி.என்.ஏ.வை மனிதக் குரோமோசோமுக்குள் பொருத்திவிடுகிறது. சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டுதான் புரோவைரஸ். பொருத்தியபின் அது செல்லின் சொந்த மரபணுவைப் போலவே ஆகிவிடும். செல் இரண்டாகப் பிரிந்தால் புரோவைரஸும் இரண்டாகும்.

தூண்டப்பட்டு முழுவேகத்தில் இயங்கும் டி-செல்லில் நுழைந்தால் உடனே வைரஸ் உற்பத்தி தொடங்கும். அந்தச் செல் ஓரிரு நாளில் செத்துவிடும். தொற்றிய செல்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கதி இதுதான். மிகச் சில செல்கள் மட்டும் சாவதற்கு முன்பே ஓய்வுக்குத் திரும்பி, நினைவுச் செல்களாக மாறிவிடுகின்றன. பழைய கிருமி மறுபடி வரும்வரை ஆண்டுக்கணக்கில் சும்மா இருப்பதும், வந்தால் விழித்துப் பெருகுவதும் நினைவுச் செல்லின் இயல்பு. தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு ஆயுள் முழுக்க மறுபடி வராமல் இருப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. நம் உடம்பு ஆயுளுக்கும் காப்பாற்றி வைக்கிற செல்லிலேயே வைரஸ் குடியேறிவிட்டது என்பதுதான் சிக்கலின் வேர்.

ஓய்விலிருக்கும் செல்லில் புரோவைரஸைப் படிக்கத் தேவையான புரதங்கள் பற்றாக்குறை. என்.எஃப்.-கப்பா-பி கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கிறது. பி-டெஃப்-பி என்ற இன்னொன்று மிகக் குறைவாகவே இருக்கிறது. புரோவைரஸின் தொடக்கப் பகுதியான எல்.டி.ஆர்., டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. ஆகவே டாட் என்ற வைரஸ் புரதம் உருவாவதில்லை. டாட் இல்லாமல் உற்பத்தி வேகம் பிடிக்காது. வைரஸ் புரதம் எதுவும் செல்லின் மேற்பரப்புக்கு வராததால், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு அது மற்ற செல்களைப் போல ஒரு நல்ல செல்.

மாத்திரை ஏன் இதைத் தொடுவதில்லை என்பதும் இங்கேயே விளங்கும். இந்தியாவில் ஏ.ஆர்.டி. மையங்கள் பெரும்பாலானோருக்குத் தரும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது அந்த டி.என்.ஏ. குரோமோசோமில் பொருந்துவதைத் தடுக்கிறது. மூன்றுமே புரோவைரஸ் உருவாவதற்கு முந்தைய கட்டங்கள். ஏற்கெனவே பொருந்தி உட்கார்ந்துவிட்ட புரோவைரஸுக்கு அந்த மாத்திரையில் மருந்து இல்லை. மருந்தின் அளவைக் கூட்டியோ நான்காவதாக ஒன்றைச் சேர்த்தோ பார்த்த ஆய்வுகளிலும் தேக்கம் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உடம்பின் லிம்ஃபோசைட்டுகளில் (டி-செல், பி-செல் போன்ற வெள்ளணுக்களில்) சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுகின்றன. மற்றவை நிணநீர் முடிச்சுகள், குடல் சுவர், மண்ணீரல் போன்ற இடங்களில் இருக்கின்றன. நிணநீர் முடிச்சுக்குள் இருக்கும் பி-செல் நுண்ணறைகளுக்குள் தொற்றிய செல்களை அழிக்கும் கொல்லி டி-செல்கள் அதிகம் நுழைவதில்லை. அங்கே வைரஸுக்கு நல்ல பாதுகாப்பு. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவிலும் புரோவைரஸ் இருக்கிறது. ரத்தம் எடுத்துச் செய்யும் எந்த அளவீடும் முழு உடம்பைக் காட்டுவதில்லை.

பத்து லட்சத்தில் ஒன்று

1996-இல் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தபோது உற்சாகம் கரைபுரண்டது. வைரஸ் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, 2.3 முதல் 3.1 ஆண்டுகள் இடைவிடாமல் மருந்து சாப்பிட்டால் தொற்றிய செல்கள் எல்லாம் தீர்ந்துவிடலாம் என்று 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. வேறு ஒளிவிடம் இல்லாதிருந்தால் என்ற நிபந்தனையையும் அந்தக் கட்டுரையே சொல்லியிருந்தது. அதே ஆண்டிலேயே ஒளிவிடம் கிடைத்துவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் சிலிசியானோவின் குழு, சான் டியேகோவில் டக்ளஸ் ரிச்மனின் குழு, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஆந்தனி ஃபௌச்சியின் குழு ஆகிய மூன்றும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: ரத்தத்தில் வைரஸ் தெரியாத நோயாளிகளிடமும், ஓய்விலிருக்கும் சிடி4 செல்களைத் தூண்டினால் உயிருள்ள வைரஸ் வெளியே வருகிறது. அளவு, சுமாராகப் பத்து லட்சம் செல்லுக்கு ஒன்று.

அந்தச் செல்கள் எவ்வளவு வேகத்தில் குறைகின்றன என்று சிலிசியானோ குழு பின்தொடர்ந்து பார்த்தது. பாதியாகக் குறைய 44 மாதம். உடம்பில் இப்படிப்பட்ட செல்கள் பத்து லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றாகக் குறைய ஏறத்தாழ இருபது முறை பாதியாக வேண்டும். இருபதை 44 ஆல் பெருக்கினால் 880 மாதம், அதாவது 73 ஆண்டுகள். மருந்தாலேயே குணமாகும் என்ற நம்பிக்கையை மூடிய கணக்கு இது.

பிற்காலத் தரவுகள் இன்னும் மோசம். 2014-இல் இரண்டு குழுக்கள், பல செல்களில் புரோவைரஸ் குரோமோசோமின் அச்சு அசலாக ஒரே இடத்தில் பொருந்தியிருப்பதைக் கண்டன. மனித மரபணுத் தொகுதியில் 300 கோடிக்கு மேல் எழுத்துகள் இருக்கையில் இது தற்செயலாக நடக்காது. ஒரு செல் பிரிந்து பிரிந்து உருவான வாரிசுகள் அவை. வைரஸ் புதிதாக யாரையும் தொற்ற வேண்டியதே இல்லை. சளிக்கோ வேறு கிருமிக்கோ எதிராக அந்த நினைவுச் செல் பெருகும்போது, புரோவைரஸும் இலவசமாகப் பெருகிவிடுகிறது. சராசரியாக 22 ஆண்டுகள் சிகிச்சையில் இருந்தவர்களைப் பற்றி 2023-இல் வந்த ஆய்வில், தொற்றும் திறனுள்ள தேக்கம் மேற்கொண்டு குறையவே இல்லை. மெல்லக் கூடுவதுபோலவே தெரிந்தது. 73 ஆண்டு என்ற எண்ணே இப்போது தாராள மதிப்பீடாகிவிட்டது.

எண்ணுவதில் உள்ள தகராறு

தேக்கத்தை அளக்கும் பழைய முறை வைரஸை வளர்த்துப் பார்ப்பது. ஒரே ஆளிடமிருந்து 180 முதல் 200 மில்லி ரத்தம் வேண்டும். காந்த மணிகளில் ஒட்டிய ஆன்டிபாடிகளால் மற்ற செல்களை நீக்கி, ஓய்விலிருக்கும் சிடி4 செல்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். குழித் தட்டுகளில் ஒரு குழிக்குப் பத்து லட்சம், அடுத்ததில் இரண்டு லட்சம், பிறகு 40,000 என ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போவார்கள். பி.எச்.ஏ. என்ற தூண்டுபொருளையும், கதிர்வீச்சால் செயலிழக்கச் செய்த இன்னொருவரின் ரத்தச் செல்களையும் சேர்த்தால் உறங்கும் செல்கள் விழிக்கும். வெளிவரும் வைரஸ் பெருகுவதற்கு, தொற்றில்லாத கொடையாளியின் டி-செல்களை இரண்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ஊற்ற வேண்டும். 14-ஆம் நாளும் 21-ஆம் நாளும் பி24 என்ற வைரஸ் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்த நீர்த்தலில் எத்தனை குழி பாசிட்டிவ் என்பதிலிருந்து பத்து லட்சம் செல்லுக்கு எத்தனை என்ற எண் கிடைக்கும். உயர் பாதுகாப்பு ஆய்வகம், மூன்று வாரம், பெரும் செலவு. கிடைப்பதோ பிழை எல்லை பெரிதாக உள்ள ஒரு மதிப்பீடு.

எளிய மாற்று பி.சி.ஆர். செல்களிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, வைரஸின் ஒரு துண்டு இருக்கிறதா என்று பார்த்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். இந்த முறையில் வரும் எண், வளர்த்துப் பார்க்கும் எண்ணைவிட நூறு மடங்குக்கும் மேல் அதிகம். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

யா-சீ ஹோவும் சிலிசியானோவும் 2013-இல் இதற்கு விடை கண்டார்கள். தூண்டியும் விழிக்காத குழிகளிலிருந்த புரோவைரஸ்களை முழு நீளத்துக்கும் வரிசைப்படுத்திப் பார்த்ததில் 88.3 சதவீதம் பழுதானவை. சிலவற்றில் பாதிக்கு மேல் அறுந்து போயிருந்தது. சிலவற்றை அப்போபெக் என்ற மனிதப் புரதம் எழுத்து எழுத்தாகக் கெடுத்து வைத்திருந்தது. இவை உயிருள்ள வைரஸை ஒருபோதும் உருவாக்கா. ஆனால் பி.சி.ஆர். பார்க்கிற சிறு துண்டு அவற்றிலும் மிச்சமிருப்பதால் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு மருந்து உயிருள்ள புரோவைரஸ்களில் பாதியை அழித்தாலும், பழுதானவற்றின் கூட்டத்துக்கு நடுவே அந்த மாற்றம் பி.சி.ஆர். எண்ணில் தெரியாமலே போகும். பழைய ஆய்வுகள் பலவற்றின் முடிவை நம்பிக்கையோடு சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

மீதி 11.7 சதவீதம் அப்பழுக்கில்லாதவை. அதே தூண்டலில் இவை ஏன் விழிக்கவில்லை? குறிப்பிட்ட காரணம் எதுவும் தென்படவில்லை. விழிப்பதும் விழிக்காததும் பெருமளவு தற்செயல். விழிக்காத குழியை மறுபடி தூண்டினால் சில விழிக்கின்றன. மூன்றாம் முறை தூண்டினால் இன்னும் சில. ஆக வளர்த்துப் பார்க்கும் முறை உண்மையை 60 மடங்கு வரை குறைத்துக் காட்டலாம், பி.சி.ஆர். மிகைப்படுத்திக் காட்டுகிறது. உண்மை எண் இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

2019-இல் வந்த முறை இந்த இடைவெளியைக் குறைக்கப் பார்க்கிறது. டி.என்.ஏ.வை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் வைரஸின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் தேடுவார்கள்: தொடக்கத்தில் பொதிவுச் சமிக்ஞைப் பகுதி, பின்பக்கம் உறைப் புரத மரபணு. இரண்டும் ஒரே துளியில் கிடைத்தால் அந்தப் புரோவைரஸ் பெரும்பாலும் முழுமையானது. டி.என்.ஏ.வைப் பிரிக்கும்போது அது நடுவில் அறுந்துபோனால் முழுமையான வைரஸும் பழுதானதாகத் தெரியும் என்பதால், மனித மரபணு ஒன்றில் எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்த்துத் திருத்தம் போடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் தேடும் எழுத்து வரிசைகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலான ‘பி’ துணைவகையை வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். அங்கேயே சிலருடைய வைரஸில் அந்த இடத்து எழுத்துகள் மாறியிருப்பதால் சோதனை தோற்றுப்போகிறது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆதிக்கம் செலுத்துவது ‘சி’ துணைவகை, உலகில் ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருப்பதும் அதுதான். அதற்கேற்ற வடிவத்தைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. வித்தியாசம் சோதனையோடு முடிவதும் இல்லை. ‘சி’ வகையின் எல்.டி.ஆரில் என்.எஃப்.-கப்பா-பி ஒட்டும் இடங்கள் பெரும்பாலும் மூன்று, ‘பி’ வகையில் இரண்டு. இந்தியாவில் நான்கு இடங்கள் உள்ள வைரஸ்களும் பரவுவதைப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு காட்டியிருக்கிறது. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் பொறுப்பான பகுதியே வேறுபடும்போது, ‘பி’ வகையில் கிடைத்த முடிவை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது துணிச்சல்.

எவ்வளவு குறைந்தால் போதும்?

மாத்திரையை நிறுத்தியபின் தேக்கத்திலிருந்து வெற்றிகரமாகக் கிளம்பும் வைரஸ் எத்தனை நாளுக்கு ஒன்று? 2015-இல் வந்த ஒரு கணக்கீடு, சராசரியாக ஆறேழு நாளுக்கு ஒன்று என்றது. அதன்படி தேக்கத்தை 50 முதல் 70 மடங்கு குறைத்தால் சராசரியாக ஓராண்டு மருந்தில்லாமல் இருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு கணக்கீடு, ஓராண்டுக்கே 2,000 மடங்கும் ஆயுளுக்கு 10,000 மடங்குக்கு மேலும் குறைய வேண்டும் என்றது. இரண்டும் தகுந்த கணித மாதிரிகள்தான். விடைகளுக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பதே இந்தத் துறையின் நிலையைச் சொல்லிவிடும்.

அனுபவம் இரண்டாவது கணக்கின் பக்கமே சாய்கிறது. பாஸ்டனில் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்ற இருவரிடம் எந்தச் சோதனையிலும் வைரஸ் அகப்படவில்லை. 2013-இல் மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில் திரும்பியது, மற்றவருக்கு 32 வாரத்தில். மிசிசிப்பியில் பிறந்த 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 18 மாத வயதில் மருந்து நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் தெரியவில்லை. குணமானதாக உலகமே கொண்டாடிய பிறகு 2014-இல் திரும்பி வந்தது. தாய்லாந்தில் தொற்றின் ஆகத் தொடக்கக் கட்டத்திலேயே, ஆன்டிபாடி உருவாகும் முன்பே, சிகிச்சை பெற்ற எட்டுப் பேர் பின்னர் மருந்தை நிறுத்தியபோது எல்லோருக்கும் திரும்பியது. சராசரியாக 26 நாளில். சோதனையில் ‘இல்லை’ என்று வருவதற்கும் உடம்பில் இல்லாமல் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த மூன்றையும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

முன்கூட்டியே சிகிச்சை தொடங்குவது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேக்கம் சிறிதாகும், நோய் எதிர்ப்பு சேதமாகாது. பிரான்ஸில் தொற்றிய சில வாரங்களில் சிகிச்சை தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து நிறுத்திய 14 பேர் ஆண்டுக்கணக்கில் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அவர்களிடம் வைரஸ் இருந்தது, அடங்கியும் இருந்தது.

உண்மையில் குணமானவர்கள்

விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2007-இல் பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காகக் கெரோ ஹுட்டர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற டிமதி ரே பிரௌன் முதலாமவர். அவருக்கு ஸ்டெம் செல் தந்த கொடையாளிக்கு சிசிஆர்5 மரபணுவின் இரு படிகளிலும் 32 எழுத்துகள் இல்லை. பெரும்பாலான ஹெச்.ஐ.வி. வகைகள் செல்லுக்குள் நுழைய சிடி4-ஓடு சிசிஆர்5-ஐயும் பிடித்தாக வேண்டும். அந்தப் பிடி இல்லாத புதிய ரத்தச் செல்களில் வைரஸால் நுழைய முடியவில்லை. பிரௌன் 2020-இல் இறந்தபோதும் காரணம் திரும்பி வந்த புற்றுநோய்தான், ஹெச்.ஐ.வி. திரும்பவில்லை. பிறகு லண்டன், டுசல்டார்ஃப், நியூயார்க், கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் எனப் பட்டியல் நீண்டது.

எல்லாப் புகழையும் சிசிஆர்5-க்கே கொடுத்துவிட முடியாது. ஜெர்மனியின் எஸ்ஸனில் அதே வகைக் கொடையாளியிடம் பெற்ற ஒருவருக்கு, சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு பிடியைப் பயன்படுத்தும் வைரஸ் கிளம்பி வந்தது. மறுபுறம் ஜெனீவாவில் ஒருவருக்குச் சாதாரண சிசிஆர்5 உள்ள கொடையாளியின் செல்களே போட்டார்கள். 2021 நவம்பரில் மருந்தை நிறுத்தியும் வைரஸ் திரும்பவில்லை. பெர்லினின் இரண்டாவது நபருக்குக் கொடையாளியின் சிசிஆர்5-இல் ஒரு படி மட்டுமே குறைபட்டது. வேலையைச் செய்வது பெரும்பாலும் கொடையாளியின் நோய் எதிர்ப்புச் செல்கள்: அவை நோயாளியின் பழைய ரத்தச் செல்களை அந்நியம் என்று கருதி ஒன்றுவிடாமல் வேட்டையாடுகின்றன. வைரஸ் உள்ள செல், இல்லாத செல் என்று பார்ப்பதில்லை. ஆகவே உறங்கும் செல்லும் தப்புவதில்லை. பாஸ்டனில் அந்த வேட்டை முழுமையாகவில்லை, புதிய செல்களுக்குப் பாதுகாப்பும் இல்லை என்று கொள்ளலாம்.

இதைப் பொதுச் சிகிச்சையாக்க முடியுமா என்றால் முடியாது. இந்தச் சிகிச்சையிலேயே கணிசமானோர் இறக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் பலருக்குக் கொடையாளியின் செல்கள் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் தொல்லை தொடரும். இரு படியும் குறைபட்ட சிசிஆர்5 வட ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஒருவரிடம்தான்; இந்தியர்களிடம் அரிது. புற்றுநோய் இல்லாத, தினமும் ஒரு மாத்திரையில் நலமாக இருக்கிற ஒருவருக்கு இதைச் செய்வது எந்த மருத்துவரும் ஒப்பாத காரியம்.

எழுப்பிக் கொல்வது

உறங்கும் செல்லை மருந்தால் எழுப்பினால், வைரஸாலோ கொல்லி டி-செல்களாலோ அது சாகும், ஏ.ஆர்.டி. மருந்து உடன் இருப்பதால் வெளிவரும் வைரஸ் புதிதாக யாரையும் தொற்றாது. பத்து ஆண்டுகளுக்கு மேல் துறையை ஆண்ட யோசனை இது. 2012-இல் வடகரோலினாவில் புற்றுநோய் மருந்தான வோரினோஸ்டாட் 400 மில்லிகிராமை எட்டுப் பேருக்குக் கொடுத்தபோது, உறங்கும் செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ. சராசரியாக 4.8 மடங்கு கூடியது. எழுப்ப முடியும் என்பது மனிதரிலேயே உறுதியானது. ஆனால் தேக்கம் குறையவில்லை. பிரிட்டனில் 60 பேரிடம் நடந்த ரிவர் ஆய்வில், வோரினோஸ்டாட்டோடு கொல்லி டி-செல்களைத் தூண்டும் தடுப்பூசியையும் சேர்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: வெறும் ஏ.ஆர்.டி. பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

எங்கே தவறியது? ஒன்று, இந்த மருந்துகள் சிறு பங்கைத்தான் எழுப்புகின்றன. ஆய்வகத்தில் மூன்று முறை உலுக்கினாலும் விழிக்காதவை உண்டு என்று பார்த்தோம். இரண்டாவது, எழுந்த செல் அரைகுறையாக ஆர்.என்.ஏ.வை உருவாக்கிவிட்டு மறுபடி உறங்கிவிடும். சாகும் அளவுக்குப் புரதம் வருவதில்லை. மூன்றாவதுதான் கனமான காரணம். தாமதமாகச் சிகிச்சை தொடங்கியவர்களின் தேக்கத்தில், கொல்லி டி-செல்கள் வழக்கமாக அடையாளம் காணும் இடங்களில் வைரஸ் ஏற்கெனவே உருமாறியிருக்கிறது. 2015-இல் வந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட புரோவைரஸ்கள் 98 சதவீதத்துக்கு மேல். எழுப்பிவிட்டாலும் காவலருக்குக் குற்றவாளியின் முகம் தெரியாது. ஆண்டுக்கணக்கில் மிஞ்சி நிற்கும் செல்கள், சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 போன்ற புரதங்களைக் கூடுதலாக வைத்திருப்பதாகவும் தெரிய வருகிறது. அதனால் அந்தப் புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான வெனெட்டோகிளாக்ஸைச் சோதிக்கிறார்கள்.

ஆன்டிபாடிகள் தரும் நம்பிக்கை

இப்போது கவனம் நகர்ந்திருப்பது, பல வகை ஹெச்.ஐ.வி.யையும் முடக்கும் அகல்வீச்சு ஆன்டிபாடிகள் பக்கம். சில நோயாளிகளின் உடம்பு இயல்பாக உருவாக்கியவற்றை எடுத்து, ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கும்படி மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் நடந்த ரியோ ஆய்வில் இரண்டு ஆன்டிபாடிகளை ஊசியாகப் பெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு 20 வாரம் வரை வைரஸ் திரும்பவில்லை. மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே அப்படி. 2025-இல் வெளியான இந்த எண் கண்ணைக் கவர்ந்தாலும், முதல் 20 வாரத்தில் ஊசி மருந்தே ரத்தத்தில் இருக்கிறது. மருந்து தீர்ந்த பிறகும் சிலருக்கு வைரஸ் அடங்கியே இருப்பதுதான் சுவாரசியமான பகுதி. ஆன்டிபாடி வைரஸோடு சேர்ந்து உடம்பின் சொந்தக் கொல்லி டி-செல்களைப் பழக்கியிருக்கலாம் என்பது யூகம்.

இந்தியாவுக்கு நெருக்கமான ஆய்வு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது. அங்கே ஃப்ரெஷ் என்ற திட்டத்தில் இளம் பெண்களுக்கு வாரம் இரண்டு முறை ஹெச்.ஐ.வி. சோதனை செய்து, தொற்றிய சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்குகிறார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற, ‘சி’ துணைவகை தொற்றிய 20 பெண்களுக்கு இரண்டு ஆன்டிபாடிகளும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் வெசாடோலிமோட் மாத்திரையும் கொடுத்து ஏ.ஆர்.டி.யை நிறுத்தினார்கள். ஆய்வு முடியும்வரை மருந்தில்லாமல் இருந்தவர்கள் 4 பேர். ஐந்தில் ஒருவர் என்பது சிறிய வெற்றிதான். ஆனாலும் இது பெண்களிடம், ஆப்பிரிக்காவில், ‘சி’ வகையில் கிடைத்த வெற்றி. குணமாக்கும் ஆய்வுகள் அதுவரை பெரும்பாலும் மேற்கு நாட்டு ஆண்களிடமே நடந்தன.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எழுப்புவதற்குப் பதிலாக டாட் புரதத்தைத் தடுத்து நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் யோசனை இன்னும் எலி நிலையில். அதற்கு இயற்கையிலேயே முன்மாதிரி உண்டு: மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கிவைக்கும் அரிய சிலரிடம், முழுமையான புரோவைரஸ்கள் குரோமோசோமின் செயலற்ற பகுதிகளில் ஒதுங்கிக் கிடப்பதை 2020-இல் கண்டார்கள். கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் புரோவைரஸை வெட்டியெடுக்கும் இபிடி-101 மனிதரில் பாதுகாப்பாக இருந்தது, ஆனால் ஏ.ஆர்.டி.யை நிறுத்திய மூவருக்கும் வைரஸ் திரும்பியது, ஒருவருக்கு மட்டும் 16 வாரம் தாமதமாக. வெட்டும் கருவி பிரச்சினை இல்லை. பத்து லட்சத்தில் ஒன்றாக உடம்பெங்கும் சிதறிய செல்கள் ஒவ்வொன்றுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிரச்சினை. ஓய்விலிருக்கும் டி-செல் வெளியிலிருந்து எதையும் எளிதில் உள்ளே விடாது. மெல்போர்னில் 2025-இல் எம்.ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகளில் வைத்து அந்தச் செல்லுக்குள் செலுத்திக் காட்டியிருக்கிறார்கள். இதுவரை ஆய்வகக் குழாயில்தான்.

நிறுத்திப் பார்ப்பது எப்படி நடக்கிறது

ஆய்வுகளில் மருந்தை நிறுத்துவது கண்காணிப்போடு நடக்கிறது. முதல் சில மாதங்கள் வாரந்தோறும் வைரஸ் அளவு பார்ப்பார்கள். பல ஆய்வுகளில் தொடர்ந்து நான்கு வாரம் மில்லிக்கு 1,000-க்கு மேல் போனாலோ, சிடி4 செல் எண்ணிக்கை 350-க்குக் கீழே இறங்கினாலோ, அவரே கேட்டாலோ, கர்ப்பம் தரித்தாலோ மருந்து மறுபடி தொடங்கும். இணையருக்குத் தடுப்பு மருந்து தர ஏற்பாடு வேண்டும். மருந்தை நிறுத்திய ஆய்வுகளில் இணையருக்குத் தொற்றிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

கண்காணிப்பில்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் வந்த ஸ்மார்ட் ஆய்வு பதில் சொன்னது. 5,472 பேரில், சிடி4 எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தி நிறுத்தித் தொடங்கியவர்களிடம் நோய் எதிர்ப்பு குன்றும்போது வரும் சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ இரண்டு மடங்குக்கு மேல். இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய்களும் கூடின. டி.எல்.டி. சாப்பிடுபவருக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு: டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கி வைப்பவை. அந்தத் தொற்றும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற ரிப்போர்ட்தான். அது ஏ.ஆர்.டி. மாத்திரை செய்த வேலை. கேட்க வேண்டியது: ஏ.ஆர்.டி.யை நிறுத்தி எத்தனை வாரமாயிற்று, அதன்பின் எத்தனை முறை வைரஸ் அளவு பார்த்தார்கள், எந்த ஆய்வகத்தில்? எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதை இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையே தடை செய்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே நிறுத்திவிட்டவர், மீதமிருக்கும் மாத்திரையைத் தானாகத் தொடங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. அதே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், எந்தத் தேதியில் நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்லி, வைரஸ் அளவும் சிடி4-உம் ஹெபடைட்டிஸ் பி-யும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் காசநோய் வந்திருக்கிறதா என்றும் அங்கே பார்ப்பார்கள். காசநோய் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கி, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் டோலுடெக்ராவிரை நாளைக்கு இரண்டு வேளையாக மாற்றுவார்கள்.